வீட்டுப் பெட்டி யார் சொல் கேட்க வேண்டும்?

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியாகவிருந்த ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்குகளுக்கு முன்பாகவே டிடிஎச் வழியாக வீடுகளில் காட்டப்போவதாகக் கமல்ஹாசன் அறிவித்தார். திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த முயற்சி கைகூடவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, கரோனா பொதுமுடக்கம் அதே கதவைத் திறந்துவிட்டது. 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக ஓடிடியில் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் ‘சூரரைப் போற்று’ வந்தது. 2021 ஜூலையில் ‘சார்பட்டா பரம்பரை’யும் நவம்பரில் ‘ஜெய் பீம்’ படமும் வந்தன. வீடுகளில் வெளியான ‘சூரரைப் போற்று’தான் தேசிய விருதில் நாட்டின் சிறந்த திரைப்படமாகவும் தேர்வானது.

வீட்டில் படம் பார்ப்பதை இரண்டாந்தர அனுபவமாக நினைத்த காலம் அத்தோடு முடிந்துவிட்டது. திரையரங்கில் வெளியாகும் படங்களும் சில வாரங்களில் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. டிக்கெட், பயணம், தின்பண்டம் என்று குடும்பத்தோடு போய்வரும் செலவு தாங்காதவர்கள், வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், ஊரில் திரையரங்கே இல்லாதவர்கள் என்று பல லட்சம் பேருக்கு வீட்டுக் கூடத்தில் இருக்கும் டிவிதான் இன்று திரையரங்கு.

திரையரங்கில் படம் சரியாக ஓடுவதற்கு ஆபரேட்டர் என்று ஒருவர் உண்டு. படம் மங்கினாலோ, ஒலி குறைந்தாலோ, சட்டகத்துக்கு வெளியே படம் வழிந்தாலோ மக்கள் குரல் கொடுப்பார்கள், அவர் சரிசெய்வார். வீட்டில் அந்த ஆபரேட்டரின் வேலையை டிவிக்குப் பின்னால் செருகியிருக்கும் ஒரு ஸ்டிக்கோ, செட்டாப் பாக்ஸோ, டிவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளோதான் செய்கிறது. ஆனால், இந்த ஆபரேட்டர் நாம் சொல்வதைக் கேட்பதில்லை. தயாரித்த நிறுவனம், ஓடிடி சேவை, விளம்பரதாரர் ஆகிய மூவரின் சொல்லையும் கேட்ட பிறகே நம் பக்கம் திரும்புகிறது. வீட்டுத் திரையின் குறைகள் பலவும் இந்த ஒரே வேரிலிருந்து முளைத்தவை. பணம் கொடுத்து வாங்கியவருக்கும், படத்தை எடுத்தவருக்கும் அந்தப் பெட்டி கட்டுப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

எடுத்தபடி காட்ட வேண்டும்

சினிமா நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்படுகிறது. பேசும் படம் வந்த காலத்தில் நிலைபெற்ற இந்தக் கணக்கு, டிஜிட்டல் கேமராக்கள் வந்த பிறகும் மாறவில்லை. நம் கண்ணுக்குச் சினிமா சினிமாவாகத் தெரிவதற்கு இந்த வேகமும் ஒரு காரணம். ஆனால், நம் வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை என்ற கணக்கில் படத்தை டிவிக்கு அனுப்புகின்றன. 24ஐ 60க்குள் சரிசமமாகப் பங்கிட முடியாது. எனவே ஒரு சட்டகத்தை மூன்று முறையும் அடுத்த சட்டகத்தை இரண்டு முறையும் மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கின்றன. கேமரா ஒரு நிலப்பரப்பின் மீது மெல்ல நகரும் காட்சியில் படம் லேசாக வெட்டி வெட்டி நகர்வது இதனால்தான். இணைய வேகம் போதவில்லை என்று நாம் வைஃபை மீது பழிபோடுகிறோம். உண்மையில் கணக்குப் பொருந்தவில்லை.

இதற்குத் தீர்வு பல ஆண்டுகளாகவே இருக்கிறது. படம் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டதோ, அதே வேகத்தில் அனுப்பும் அமைப்பை ஆப்பிள் டிவி 2017 டிசம்பரில் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி சாதனங்களிலும் இந்த வசதி உண்டு. ஆனால், அது அமைப்புகளின் அடியாழத்தில் கிடக்கிறது; பெரும்பாலும் நாமாகத் தேடிப்போய் இயக்க வேண்டும். சில செயலிகள் இயக்கிய பிறகும் அதை மதிப்பதில்லை.

டிவி நிறுவனங்கள் செய்வது இதைவிட மோசம். இரண்டு சட்டகங்களுக்கு இடையில் இல்லாத சட்டகங்களைத் தாமாகவே கற்பனை செய்து நுழைக்கின்றன. ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’, ‘ட்ரூமோஷன்’, ‘மோஷன்ஃப்ளோ’ என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர். கிரிக்கெட்டுக்கு இது ஓரளவு உதவும். சினிமாவுக்கு வைத்தால், கோடிகளைக் கொட்டி எடுத்த காட்சி மதிய நேர நெடுந்தொடர்போல் ஆகிவிடுகிறது. நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் ஒரு காணொளி வெளியிட்டு, தயவுசெய்து இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். மார்ட்டின் ஸ்கோர்செசி, கிறிஸ்டோபர் நோலன் போன்றோரின் ஆதரவோடு 2019இல் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற பொது ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. ஒரே தேர்வில் டிவியின் செயற்கைக் கைவரிசைகள் எல்லாம் விலகிவிடும். நிறமும் வேகமும் அளவும் இயக்குநர் ஒப்புதல் தந்தபடி இருக்கும். கடையிலிருந்து டிவியைப் பொருத்த வரும் ஊழியருக்கே இப்படியொன்று இருப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. அவர் கடை வெளிச்சத்துக்காக வைக்கப்பட்ட பளீர் நிறத்தோடு விட்டுவிட்டுப் போகிறார். பல வீடுகளில் அந்த டிவி ஆயுள் முழுவதும் அப்படியே ஓடுகிறது.

படத்தின் அகலத்துக்கும் இதே கதிதான். 1973இல் ‘ராஜராஜ சோழன்’ மூலம் தமிழுக்கு சினிமாஸ்கோப் வந்தது. அகலத் திரைக்காக எடுத்த படம் வீட்டு டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளோடு தெரிவதே முறை. திரையின் உயரத்தில் கால் பங்கு காலியாகத்தான் இருக்கும். அது வீணாகிறதே என்று ‘ஜூம்’ பொத்தானை அழுத்தினால், பக்கவாட்டில் கால் பங்குப் படம் வெட்டுப்படும். அந்தக் கால் பங்கில் ஒரு முகம் இருக்கலாம், ஒரு முகபாவம் இருக்கலாம். மறுபுறம், ஏறக்குறைய சதுரச் சட்டகத்தில் எடுத்த 1950களின் கறுப்பு வெள்ளைப் படங்களை அகலத் திரைக்கு இழுத்துக் காட்டுகிறார்கள். சிவாஜியும் பத்மினியும் பக்கவாட்டில் வீங்கித் தெரிகிறார்கள். அவர்களை அப்படித்தான் முதல்முறையாகப் பார்க்கிறது ஒரு தலைமுறை. 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தை டிஜிட்டலில் புதுப்பித்து 2012இல் திரையரங்குகளில் வெளியிட்டபோது மக்கள் திரண்டுவந்து பார்த்தார்கள். பழைய படத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்தால் ரசிகர்கள் திருப்பிக் கொடுப்பார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

‘4கே’ என்ற ஸ்டிக்கர்

சந்தையில் விற்கும் மலிவுப் பெட்டிகள் பலவற்றின் அட்டையில் ‘4கே’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பெட்டிக்கு அந்தத் தெளிவைக் காட்டும் திறன் இருக்கலாம். ஆனால், ஓடிடி நிறுவனங்கள் தங்கள் படங்களை உயர்ந்த தெளிவில் அனுப்புவதற்கு முன் பெட்டியின் பாதுகாப்புத் தகுதியைச் சோதிக்கின்றன. ‘வைட்வைன் எல்1’ என்ற சான்று இல்லாத பெட்டிக்குப் பல சேவைகள் பழைய டிவிடி தரத்திலேயே படத்தை அனுப்புகின்றன. வாங்கியவருக்கு இது தெரியாது. உயர்தரத்துக்கு மாதச் சந்தாவும் கட்டிவிட்டு, மங்கலான படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தச் சேவை எந்தத் தெளிவில் ஓடும் என்பதை அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்ற விதி வந்தால் இந்த ஏமாற்றம் தீரும். குளிர்பதனப் பெட்டியின் மின்சிக்கனத்தை நட்சத்திரங்களால் குறிக்க முடிகிற நாட்டில் இதுவும் முடியும்.

அடுத்தது இணையம். 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். அந்த வேகத்தில் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று ஓடினால், ஏறக்குறைய 17 ஜிபி டேட்டா செலவாகும். ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் அது பெரிதல்ல. நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி கிடைக்கும் செல்பேசித் திட்டத்தின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை ஓட்டும் குடும்பத்துக்கு அது எட்டாக் கனி. இரவு எட்டு மணிக்குத் தெருவே ஒரே நேரத்தில் பார்க்கத் தொடங்கும்போது வேகம் இறங்கும். படத்தின் தரமும் தானாக இறங்கும். பிறகு நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கிவிடும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கூட்டமில்லாத பின்னிரவில் படத்தைப் பெட்டிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் தங்குதடையின்றி முழுத் தரத்தில் பார்ப்பது. செல்பேசியில் இந்த வசதியைக் கொடுக்கும் ஓடிடி சேவைகள், டிவிப் பெட்டிகளில் பெரும்பாலும் கொடுப்பதில்லை. இத்தனைக்கும் இது புதிய யோசனையே இல்லை. 2007இல் வந்த முதல் ஆப்பிள் டிவிக்குள் 40 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தது. படத்தை உள்ளேயே சேமித்து வைக்கலாம். 2010இல் வந்த அடுத்த தலைமுறையில் அது எடுக்கப்பட்டது. எல்லா வீட்டிலும் வேகமான, அறுபடாத இணையம் இருக்கும் என்ற எண்ணத்தில் மொத்தத் தொழிலும் அந்தத் திசையில் நடந்தது. அந்த எண்ணம் கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் பொருந்தாது. நினைவகம் இன்று மலிவு. 64 ஜிபி இடமுள்ள பெட்டியில் மூன்று 4கே படங்களை இறக்கி வைக்கலாம். பிரதி எடுக்க முடியாதபடி செல்பேசியில் போடும் அதே பூட்டை இங்கும் போட்டுக்கொள்ளட்டும்.

படத்தைச் சுருக்கும் நுட்பமும் வளர்ந்திருக்கிறது. 2018இல் வெளியான ஏவி1 என்ற முறை, அதே தரத்தைக் குறைந்த டேட்டாவில் தருகிறது. அதைப் பயன்படுத்த உரிமத் தொகையும் கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் 2021 முதல் டிவிகளுக்கும் இதில் அனுப்புகிறது. புதிதாகப் பெட்டி வாங்குகிறவர்கள் ஏவி1 இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

கேட்க வேண்டியது வசனம்

படத்தில் வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவதும், சண்டைக் காட்சி வந்ததும் அலறியடித்துக் குறைப்பதும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. திரையரங்கில் வசனத்துக்கென்று திரைக்குப் பின்னால் தனி ஒலிபெருக்கி இருக்கிறது. வீட்டில் ஐந்தாறு திசைகளுக்காகச் செய்த ஒலிக்கலவையை டிவியின் முதுகுப்புறம் இருக்கும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களுக்குள் அமுக்குகிறார்கள். பின்னணி இசையும் வெடிச்சத்தமும் வசனத்தை விழுங்கிவிடுகின்றன. காது மந்தமான முதியவர்களுக்குப் படம் பாதிதான் புரிகிறது.

வசனத்தை மட்டும் உயர்த்திக் கேட்கும் வசதியைப் பிரைம் வீடியோவும் ஆப்பிளும் 2023இல் அறிமுகப்படுத்தின. பிரைம் வீடியோ அதைத் தேர்ந்தெடுத்த சில படைப்புகளோடு தொடங்கியது. தமிழ்ப் படங்கள் அனைத்துக்கும் அது வர வேண்டும். அதற்கென்று ரிமோட்டிலேயே ஒரு பொத்தான் இருக்க வேண்டும். விளம்பரத்தின் ஒலி படத்தின் ஒலியை மிஞ்சக் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் 2025இல் ஓடிடி சேவைகளுக்குச் சட்டம் இயற்றியிருக்கிறது. பிரைம் வீடியோ 2025 ஜூன் முதல் இந்தியாவிலும் படங்களுக்கு நடுவே விளம்பரம் காட்டத் தொடங்கிவிட்டது. அது வேண்டாம் என்றால் சந்தாவுக்கு மேல் தனிக் கட்டணம். அந்த விளம்பரம் எத்தனை சத்தத்தில் வர வேண்டும் என்பதற்கு நாமும் வரம்பு வைத்தாக வேண்டும்.

இதைவிட எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. தமிழ்ப் படத்துக்குத் தமிழில் வசன வரிகள் இல்லை. ஓடிடியில் இருக்கும் பல தமிழ்ப் படங்களில் சப்டைட்டில் பொத்தானை அழுத்தினால் ஆங்கிலம் மட்டுமே வருகிறது. காது கேளாத ஒரு தமிழர், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர், தமிழ்நாட்டில் எடுத்த படத்தைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் கற்றிருக்க வேண்டும் என்றாகிறது. தமிழ் எழுத்தைப் புதிதாகக் கற்கும் குழந்தைகளுக்கும், வெளிநாடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் திரையில் ஓடும் தமிழ் வரிகள் எவ்வளவு பெரிய துணை! ஒரு படத்தின் வசனம் எழுத்து வடிவில் தயாரிப்பாளரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காட்சியோடு பொருத்தும் செலவு, படத்தின் விளம்பரச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆவது பிரிவு, மின்னணு ஊடகங்களில் வசன வரிகளும் காட்சி விவரிப்பு ஒலியும் கிடைப்பதற்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. 2023 ஜனவரியில் ‘பதான்’ படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு இவற்றைத் தயாரிக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிகளை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. பார்வையற்றவருக்குக் காட்சியை விவரித்துச் சொல்லும் ஒலித்தடம் தமிழில் எத்தனை படங்களுக்கு இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் மனம் கனத்துவிடும். சட்டம் இருக்கிறது, நுட்பம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. கேட்கும் குரல்தான் போதவில்லை.

முகப்பு யாருடையது?

பெட்டியை இயக்கியதும் வரும் முகப்புத் திரையைப் பாருங்கள். நாம் பாதியில் விட்ட படம் கீழே எங்கோ இருக்கும். மேலே பெரிதாக நிற்பது யாரோ பணம் கொடுத்து வைத்த விளம்பரம். படத்தின் பெயரைத் தேட வேண்டுமென்றால், ரிமோட்டின் அம்புக்குறியால் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ‘பொன்மகள் வந்தாள்’ என்பதை ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்களோ, அதை நாம் ஊகிக்க வேண்டும். தமிழில் எழுதினால் தமிழ்ப் படம் வர வேண்டும். ‘நாகேஷ் நடித்த படம்’ என்று தமிழில் சொன்னால், கட்டிய சந்தாக்கள் அனைத்திலும் தேடி எது எங்கே இருக்கிறது என்று ஒரே பட்டியலில் காட்ட வேண்டும். இது நுட்பத்தால் ஆகாத காரியம் அல்ல. ஒவ்வொரு சேவையும் தன் பார்வையாளர் அடுத்த கடைக்குப் போய்விடக் கூடாதென்று தன் பட்டியலைப் பூட்டி வைப்பதால்தான் நடக்கவில்லை.

இந்தப் பூட்டுகளைத் திறக்க அரசு அமைப்புகளால் முடியும். கூகுள் தன் ஆண்ட்ராய்டு டிவி மென்பொருளை உற்பத்தியாளர்கள் மீது ஒரே கட்டாகத் திணிக்கிறது என்ற புகாரை விசாரித்தது இந்தியப் போட்டி ஆணையம். 2025 ஏப்ரலில் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. கூகுள் 20.24 கோடி ரூபாய் செலுத்தவும், தன் செயலிக் கடைக்குத் தனியாக உரிமம் தரவும் ஒப்புக்கொண்டது. செட்டாப் பாக்ஸ்கள் எந்த நிறுவனத்தின் சேவையையும் ஏற்கும்படி இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. ஆனாலும், நிறுவனத்தை மாற்றினால் பழைய பெட்டியைப் பரணில் போடும் வழக்கம் வீடுகளில் இன்னும் மாறவில்லை.

பெட்டியின் ஆயுளும் பாதுகாப்பும்

டிவி பத்து ஆண்டு உழைக்கிறது. அதற்குள் இருக்கும் மென்பொருள் நான்கைந்து ஆண்டுகளிலேயே கைவிடப்படுகிறது. செயலிகள் ஒவ்வொன்றாக ஓடாமல் போகின்றன. 2025 மார்ச்சில், கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் உலகம் முழுவதும் ஒரே நாளில் முடங்கின. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதே காரணம். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. கூகுள் சரிசெய்து அனுப்பும்வரை வாங்கியவர்கள் காத்திருந்தார்கள். நம் ஊரிலும் 2022 நவம்பரில் அரசு கேபிள் டிவி இணைப்புகள் லட்சக்கணக்கில் திடீரென நின்றன. மென்பொருள் வழங்கிய தனியார் நிறுவனத்துடனான பிணக்கே காரணமாகச் சொல்லப்பட்டது. பெட்டி நம் வீட்டில் இருந்தாலும் அதன் குடுமி வேறெங்கோ இருக்கிறது என்பதை இரண்டு நிகழ்வுகளும் காட்டின.

கைவிடப்பட்ட மென்பொருள் ஆபத்தும்கூட. பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவற்றில், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீய மென்பொருள் புகுத்தப்பட்டிருப்பதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற அந்த வலையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாகச் சொல்லி, கூகுள் அடுத்த மாதமே வழக்குத் தொடுத்தது. அப்படிப்பட்ட பெட்டி நம் வீட்டு இணையத்தை, நமக்குத் தெரியாமலே யாரோ ஒரு மோசடிக்காரரின் வழிப்பாதையாக மாற்றிவிடும். எல்லாச் சேனலும் எல்லா ஓடிடியும் வாழ்நாள் முழுக்க இலவசம் என்று யாராவது ஒரு பெட்டியை விற்றால், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

பெயர் பெற்ற நிறுவனங்களும் சும்மா இருப்பதில்லை. திரையில் ஓடுவது என்ன என்று நொடிக்கு நொடி அடையாளம் கண்டு, பார்ப்பவரின் அனுமதியின்றி விற்றதற்காக விசியோ என்ற டிவி நிறுவனம் 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழக்கில் 22 லட்சம் டாலர் கட்டியது. அதில் தொடர்புடைய டிவிகளின் எண்ணிக்கை ஒரு கோடியே பத்து லட்சம். நம் நாட்டில் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. டிவியை முதன்முதலாக இயக்கும்போது வரும் நீண்ட ஒப்பந்தத்தில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தாமல் எதையும் பார்க்க முடியாது என்ற நிலை அந்தச் சட்டத்தின் உணர்வுக்கே எதிரானது.

பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இணையத்தோடு இணையும் எந்தக் கருவியை விற்றாலும், எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தரப்படும் என்பதை விற்கும்போதே நிறுவனம் அறிவித்தாக வேண்டும். இங்கும் அதே விதி வரட்டும். பெட்டியின் அட்டையில் விலைக்குப் பக்கத்திலேயே அந்த ஆண்டும் இருக்கட்டும்.

‘வாங்கு’ என்ற பொத்தானுக்கும் இது பொருந்தும். ஓடிடியில் பணம் கட்டி ‘வாங்கிய’ படம், அந்த நிறுவனத்தின் உரிமம் தீர்ந்தால் காணாமல் போகலாம். கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து, வாங்குவது வெறும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியாது. பணம் கொடுப்பவருக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம்.

யார் என்ன செய்யலாம்?

இவ்வளவும் கேட்டால் பெட்டியின் விலை ஏறாதா என்று கேட்பார்கள். நான் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கும் வசதிகளை முன்னால் கொண்டுவருவதுதான். வீட்டுத் திரையை மேம்படுத்தினால் திரையரங்குகள் அழியுமே என்ற கவலையும் நியாயமானது; எனக்கும் திரையரங்கு பிடிக்கும். ஆனால், வீட்டில் மோசமாகக் காட்டுவதன் மூலம் திரையரங்கைக் காப்பாற்ற முடியாது. அதனால் லாபமடைவது திருட்டு இணையதளங்கள் மட்டுமே. திருட்டுப் பிரதியில் விளம்பரம் இல்லை, காலாவதி இல்லை, இறக்கி வைக்கவும் தடையில்லை. நேர்மையாகப் பணம் கட்டுகிறவருக்குத் திருடுகிறவரைவிடக் குறைந்த வசதி கிடைக்கும் நிலையை வைத்துக்கொண்டு, திருட்டை ஒழிக்கப் பேசிப் பயனில்லை.

முதலில், திரைத்துறையினர். இதில் மிக விரைவாகக் காரியம் ஆற்றக்கூடியவர்கள் அவர்கள்தான். ஓடிடி உரிமையை விற்கும் ஒப்பந்தத்தில், தமிழ் வசன வரிகளும் காட்சி விவரிப்பு ஒலியும் இல்லாமல் படத்தை வெளியிடக் கூடாது, எடுத்த அளவை மாற்றக் கூடாது என்று இரண்டு வரிகளைச் சேர்க்கத் தயாரிப்பாளர்களால் இன்றே முடியும். எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒளிப்பதிவாளர்களும் ஒலி வடிவமைப்பாளர்களும் சேர்ந்து, வீட்டு டிவியை எப்படி வைத்துப் பார்க்க வேண்டும் என்று தமிழில் சிறு காணொளிகள் வெளியிடலாம். தங்கள் உழைப்பு கடைசிக் கட்டத்தில் எப்படிச் சிதைகிறது என்பதை அவர்களைவிட உறைக்கும்படி யார் சொல்ல முடியும்?

அடுத்து, மாநில அரசு. 2017இல் வீடு வீடாக செட்டாப் பாக்ஸ் கொடுத்த அரசு இது. இந்திய மாநிலங்களில் இவ்வளவு பெரிய கேபிள் நிறுவனத்தைத் தானே நடத்தும் அரசு அரிது. எதிர்காலத்தில் பெட்டிகள் வாங்கும்போது, தமிழ் முகப்பு, தமிழில் தேடல், வசன வரி வசதி, குறைந்தது ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு, மென்பொருளின் கட்டுப்பாடு அரசு நிறுவனத்தின் கையிலேயே இருப்பது ஆகியவற்றை ஒப்பந்தப் புள்ளியின் நிபந்தனையாக வைக்கலாம். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் உற்பத்தியாளர் செய்துதான் ஆக வேண்டும். அப்படிச் செய்த பெட்டி பிறகு பொதுச் சந்தைக்கும் வரும்.

ஒன்றிய அரசு மூன்று விதிகளைக் கொண்டுவரலாம். புதுப்பிப்புக் காலத்தையும், எந்த ஓடிடி எந்தத் தெளிவில் ஓடும் என்பதையும் அட்டையில் அச்சிட வேண்டும். பார்ப்பதைக் கண்காணிக்கும் வசதி, பார்ப்பவர் தானாக இயக்காதவரை அணைந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அதன் மூல மொழியிலேயே வசன வரிகள் இருக்க வேண்டும்.

கடைசியாக, பார்ப்பவர்களான நாம். வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்போம்: இதில் ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கிறதா? வைட்வைன் எல்1 இருக்கிறதா? எத்தனை ஆண்டு புதுப்பிப்பு? பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் நிறுவனத்தின் விற்பனையாளரிடம் கேட்பார். தமிழ் வரிகள் இல்லாத தமிழ்ப் படத்தைப் பார்த்தால், செயலியில் இருக்கும் புகார்ப் பகுதியில் இரண்டு வரி எழுதுவோம். திரையரங்கில் படம் மங்கியபோது குரல் கொடுக்கத் தயங்காத ரசிகர்கள் நாம். அந்த உரிமை வீட்டுக்குள்ளும் செல்லும். மாதா மாதம் சந்தா கட்டும் ஒவ்வொரு குடும்பமும் அதை உரக்கக் கேட்கத் தொடங்கினால், பெட்டி யார் சொல் கேட்க வேண்டும் என்பதை நிறுவனங்கள் தனியாக முடிவுசெய்யும் நிலை நீடிக்காது.